குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி? முதல் பதிவிலிருந்து எல்லை மதிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருவர் பேசிய ஒலிப்பதிவைக் கொடுத்தால் "இது இன்னார் குரல்" என்று கணினி சொல்ல வேண்டும். இதற்கான மாடல்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. பைத்தான் ஓரளவு தெரிந்தவர் ஒரே மாலையில் ஒரு மாதிரியை ஓட வைத்துவிடலாம். ஆனால் ஓட வைப்பது வேறு, அது சொல்வதை நம்பி முடிவெடுப்பது வேறு. பேசியவர் நம் பட்டியலில் உள்ள பத்துப் பேரில் ஒருவர்தான் என்று முன்பே தெரிந்திருந்தால் வேலை சுலபம். பட்டியலிலேயே இல்லாத ஒருவர் வந்து பேசும்போது "இவர்களில் யாரும் இல்லை" என்று அமைப்பு சொல்ல வேண்டுமே, அங்கேதான் சறுக்கல். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த ஒரு பதிலை நம்பும்படி வாங்குவதைப் பற்றித்தான்.

படி 1: கேள்வி எது என்று முடிவு செய்யுங்கள்

பேச்சை எழுத்தாக்குவதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே என்ன சொன்னார் என்பது முக்கியம். இங்கே யார் சொன்னார் என்பது மட்டும்.

அந்த "யார்" என்பதற்குள்ளேயே மூன்று வேலைகள் இருக்கின்றன. "நான்தான் இன்னார்" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வருகிறார். அது உண்மையா என்று பார்ப்பது சரிபார்ப்பு. ஒரே ஒப்பீட்டில் ஆம் அல்லது இல்லை என்று முடிந்துவிடும். பெயர் எதுவும் சொல்லாமல் குரல் மட்டும் வருகிறது. பட்டியலில் அது யாருடையது என்று தேடுவது அடையாளம் காண்பது. மூன்றாவது, ஒரு நீண்ட உரையாடலில் எந்த நொடியில் யார் பேசினார்கள் என்று துண்டு துண்டாகப் பிரிப்பது. இதை டயரைசேஷன் என்பார்கள். இதற்குப் பெயர்ப் பட்டியலே தேவையில்லை. "முதலாமவர், இரண்டாமவர்" என்று பிரித்துக் கொடுத்தால் போதும்.

அடையாளம் காண்பதில் இன்னொரு பிரிவு உண்டு. வருபவர் எல்லாரும் பட்டியலில் இருப்பவர்களே என்றால் அது மூடிய பட்டியல். அதிக ஸ்கோர், அதாவது குரல்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், வாங்கியவர் பெயரைச் சொன்னால் வேலை முடிந்தது. வெளியாளும் வரலாம் என்றால் திறந்த பட்டியல். நிஜத்தில் நாம் சந்திப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான், ஆனால் பயிற்சிக் குறிப்புகளில் செய்துகாட்டுவது பெரும்பாலும் முதலாவது.

என் யோசனை: எப்படியாவது உங்கள் தேவையைச் சரிபார்ப்பாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். பயனர் முதலில் தன் எண்ணைத் தட்டிவிட்டு அப்புறம் பேசட்டும். 500 பேரோடு ஒப்பிடுவதற்குப் பதில் ஒருவரோடு ஒப்பிட்டால் தவறு எவ்வளவு குறையும் என்பதற்குப் படி 6-இல் கணக்கு இருக்கிறது.

படி 2: குரலில் ஆளைக் காட்டுவது எது?

குரல்நாண்கள் அதிரும் வேகம் வளர்ந்த ஆண்களுக்குப் பொதுவாக நொடிக்கு 85 முதல் 180 முறை, பெண்களுக்கு 165 முதல் 255 முறை என்ற அளவில் இருக்கும். அப்படியானால் சுருதியை அளந்தாலே போதுமே என்று தோன்றும். போதாது. கோபம் வந்தால் சுருதி ஏறும், தூங்கி எழுந்ததும் இறங்கியிருக்கும். ஒரே சுருதியில் பேசுபவர்கள் எத்தனையோ பேர். தொண்டையிலிருந்து உதடு வரை உள்ள குழாய்தான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது. வளர்ந்த ஆணுக்கு இது ஏறக்குறைய 17 செ.மீ. நீளம். அதன் நீளமும் வடிவமும், மூக்கின் உட்குழிவும் சேர்ந்து சில அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும், சிலவற்றை அமுக்கும். பேசும் வேகம், இழுவை, மூச்சு விடும் இடம் போன்ற பழக்கங்கள் இதற்கு மேல்.

சிக்கல் என்னவென்றால் மைக்கும் அறையும் இதே வேலையைத்தான் செய்கின்றன. அவையும் சில அதிர்வெண்களைத் தூக்குகின்றன, சிலவற்றை அமுக்குகின்றன. ஒருவரை ஒரே அறையில் ஒரே மைக்கில் மட்டும் பதிவு செய்து வைத்தால், அமைப்பு அவர் குரலோடு அந்த அறையையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும். அவரே வேறு போனில் பேசினால் ஸ்கோர் இறங்கும். அதே அறையில் வேறொருவர் பேசினால் ஏறும்.

படி 3: பதிவுகளைத் தயார் செய்யுங்கள்

ஒரு சேனல், 16 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 16,000 அளவீடுகள்), 16 பிட், வேவ் கோப்பு. இன்றைய மாடல்களில் பெரும்பாலானவை எதிர்பார்ப்பது இதைத்தான். எந்த வடிவத்தில் வந்தாலும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மாற்றுக் கருவி கொண்டு இதற்கு மாற்றிவிடுங்கள். சாதாரணத் தொலைபேசி அழைப்பு என்றால் அது 8 கிலோஹெர்ட்ஸ் பதிவு. அதிலும் மரபான தொலைபேசி இணைப்பில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடந்து வரும். அதை 16-க்கு உயர்த்தினால் கோப்புதான் பெரிதாகும், போன தகவல் திரும்பி வராது. அழைப்புகளில்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் பட்டியலுக்கான பதிவையும் அழைப்பிலேயே எடுங்கள்.

ஓர் ஆளுக்கு எவ்வளவு பேச்சு வேண்டும்? மொத்தம் ஒரு நிமிடத் தெளிவான பேச்சு இருந்தால் வசதியாக வேலை செய்யலாம்; அரை நிமிடத்திலும் சமாளிக்கலாம். நீளத்தைவிட முக்கியம் பதிவுகள் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு கருவிகளில் எடுக்கப்பட்டிருப்பது. ஒரே நாளில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த ஐந்து பதிவுகள் நடைமுறையில் ஒரே பதிவுதான். மூன்று நாட்களில் 20 நொடி வீதம் எடுத்தால் அதைவிடப் பல மடங்கு பயன். எழுதிக் கொடுத்ததை வாசிக்கச் சொல்லாமல் இயல்பாகப் பேசவிடுங்கள். வாசிக்கும் குரலும் பேசும் குரலும் ஒன்றல்ல. சத்தமான இடத்தில் மனிதர்கள் தம்மை அறியாமல் குரலை உயர்த்துவார்கள், இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். அப்படிப்பட்ட இடத்தில் அமைப்பு வேலை செய்ய வேண்டுமென்றால் அப்படிப் பேசிய பதிவும் ஒன்று பட்டியலில் இருக்கட்டும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போட்டுச் சுத்தம் செய்யலாமா? முதலில் வேண்டாம். மனிதக் காதுக்கு இதமாக ஆக்கும் போக்கில் அவை குரலின் நுண்ணிய அடையாளங்களையும் சேர்த்துத் துடைத்துவிடுவது உண்டு. இன்றைய மாடல்கள் இரைச்சல் கலந்த பேச்சிலேயே பயிற்சி பெற்றவை. அப்படியே கொடுத்துப் பாருங்கள், பிறகு நீக்கிக் கொடுத்துப் பாருங்கள், ஒரே ஆளின் ஸ்கோரையும் வேறு ஆட்களின் ஸ்கோரையும் எது நன்றாகப் பிரித்துக் காட்டுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மௌனத்தை வெட்ட வேண்டும். 10 நொடிப் பதிவில் 4 நொடிதான் பேச்சு என்றால் மீதி 6 நொடியும் அறையின் சத்தம். பேச்சு இருக்கும் இடத்தை மட்டும் கண்டுபிடிக்க சைலரோ என்ற சின்ன மாடல் போதும், சாதாரணக் கணினியிலேயே ஓடும். வெட்டியபின் மிஞ்சுவது 3 நொடிக்குக் குறைவென்றால் அந்தப் பதிவை ஒதுக்கிவிடுவது நல்லது. ஒரு "ம்", ஒரு "சரி" ஆகியவற்றை வைத்து ஆளைச் சொல்ல முயல வேண்டாம்.

படி 4: பேச்சை எண்களாக மாற்றுவது

இந்தப் படியில் உங்கள் கைவேலை மிகக் குறைவு. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் பின்னால் வரும் ஸ்கோரைத் தவறாகப் படிக்க மாட்டீர்கள்.

10 நொடிப் பேச்சை எடுத்துக்கொள்வோம். 16 கிலோஹெர்ட்ஸில் அது 1,60,000 எண்கள். இதை 25 மில்லிநொடிச் சட்டகங்களாக வெட்டுகிறோம். ஒவ்வொரு சட்டகமும் முந்தையதிலிருந்து 10 மில்லிநொடி தள்ளித் தொடங்கும். மொத்தம் 998 சட்டகங்கள். ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண் பட்டையில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று 80 எண்கள் எடுக்கிறோம். பட்டைகள் சம அகலத்தில் இருக்காது. கீழ் அதிர்வெண்களில் நெருக்கமாகவும் மேலே போகப் போக அகலமாகவும் இருக்கும். நம் காது கேட்கும் விதத்தை ஒட்டிய இந்த அளவுகோலின் பெயர் மெல். ஆக 998 × 80, அதாவது 79,840 எண்கள். இவற்றை உள்வாங்கி, நேரத்தை முழுவதும் மடக்கி, 192 எண்கள் கொண்ட ஒரே வரிசையாக நரம்பியல் மாடல் வெளியே தருகிறது. அதுதான் எம்பெடிங். பேச்சு 10 நொடியானாலும் 40 நொடியானாலும் வருவது அதே 192 எண்கள்தான். 192 என்பது எகாப்பா-டிடிஎன்என் என்ற மாடலின் கணக்கு. வேறு மாடலில் 256, 512 என்று மாறும்.

இந்த இடத்துக்கு வந்துசேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. 1962இல் பெல் ஆய்வகத்தின் லாரன்ஸ் கெர்ஸ்டா, ஒலியைப் படமாக வரைந்து கண்ணால் ஒப்பிட்டே ஆளைச் சொல்லலாம் என்று எழுதினார். குரல்ரேகை என்ற எண்ணம் அப்போதுதான் பரவியது. அது கைரேகை போல உறுதியானது என்ற நம்பிக்கை நீதிமன்றம் வரை போனது. 1979இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் குழு ஒன்று அதை ஆராய்ந்து, நீதிமன்றங்கள் மிகுந்த எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்றது. அதன்பின் கணிதம் கைக்கு வந்தது. 2000இல் டக்ளஸ் ரெனால்ட்ஸ் குழுவின் நிகழ்தகவு மாதிரி, 2011இல் நஜீம் தெஹாக் குழுவின் ஐ-வெக்டர், 2018இல் டேவிட் ஸ்னைடர் குழுவின் எக்ஸ்-வெக்டர், 2020இல் மேலே சொன்ன எகாப்பா. கடைசி இரண்டும் நரம்பியல் வலைகள்.

நீங்களே புதிதாகப் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை. ஸ்பீச்பிரெயின், பயனோட், என்விடியாவின் நெமோ, வீஸ்பீக்கர் ஆகிய இலவச மென்பொருள் தொகுப்புகள் எல்லாவற்றிலும் பயிற்சி பெற்ற மாடல்கள் கிடைக்கும். முதல் முறை செய்பவருக்கு ஸ்பீச்பிரெயினின் எகாப்பா எளிது. இவற்றில் பலவும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் தொகுத்த வாக்ஸ்செலப் தரவில் படித்தவை: 2017இல் வந்த முதல் தொகுப்பில் 1,251 பேர், 2018இல் வந்த இரண்டாவதில் 6,000-க்கும் மேற்பட்டவர்கள். எல்லாரும் பிரபலங்கள், யூடியூப் காணொளிகளில் பேசியவர்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். உங்கள் ஆட்கள் தமிழில் பேசுபவர்கள் என்றாலும் மாடல் வேலை செய்யும். ஆனால் அந்தத் தரவில் காட்டிய துல்லியம் உங்களிடமும் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தைகள் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் அவர்கள் குரல் மாதங்களில் மாறிவிடும்.

படி 5: பட்டியலை உருவாக்கி ஒப்பிடுங்கள்

ஒவ்வொரு நபரின் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எம்பெடிங் எடுங்கள். ஒவ்வொன்றையும் நீளம் 1 ஆகும்படி (எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 1 வரும்படி) சமன் செய்து, பின் ஒரே நபருடையவற்றின் சராசரியை எடுத்து, அதையும் மறுபடி சமன் செய்து சேமியுங்கள். அதற்கு முன் ஒரு சின்ன சோதனை: ஒரு நபரின் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தில் ஒன்று மட்டும் மற்ற நான்கோடும் ஒட்டாமல் நின்றால் அந்தப் பதிவைக் காது கொடுத்துக் கேளுங்கள். கோப்பின் பெயர் மாறியிருக்கும், அல்லது பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்.

புதுக் குரல் வந்ததும் அதற்கும் எம்பெடிங் எடுத்து, பட்டியலில் ஒவ்வொருவரோடும் கொசைன் ஒப்புமை, அதாவது இரண்டு எண் வரிசைகளும் எவ்வளவு ஒரே திசையில் நிற்கின்றன என்று பாருங்கள். -1 முதல் 1 வரை ஒரு எண் வரும். பெரிய எண் என்றால் நெருக்கம். 0.71 என்று வந்தால் "71 விழுக்காடு இவர்தான்" என்று படிக்கக் கூடாது. அது நிகழ்தகவே அல்ல. அந்த எண் எதைக் குறிக்கிறது என்பது அடுத்த படியில்தான் தெரியும்.

படி 6: எல்லை மதிப்பு

எந்த ஸ்கோருக்கு மேல் "இவர்தான்" என்று ஏற்பது, எதற்குக் கீழே "யாரும் இல்லை" என்று சொல்வது? ஸ்பீச்பிரெயினின் சரிபார்ப்பு வசதியில் 0.25 என்று ஒரு எண் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. பலரும் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது உங்கள் மைக்கையும் உங்கள் ஆட்களையும் பார்க்காத எண். உங்களுடையதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு வகைத் தவறு உண்டு. வேறொருவரை இவர் என்று ஏற்பது தவறான ஏற்பு. அவரே வந்து பேசியும் இல்லை என்று தள்ளுவது தவறான நிராகரிப்பு. எல்லையை ஏற்றினால் முதலாவது குறையும், இரண்டாவது கூடும். இரண்டும் சமமாகும் இடத்தின் விகிதத்தைச் சமப்பிழை விகிதம் என்பார்கள். எகாப்பா வாக்ஸ்செலப் சோதனையில் காட்டுவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. மாடல்களை ஒப்பிட இந்த எண் நல்லது. எல்லை வைக்க இது உதவாது, ஏனென்றால் உங்களுக்கு இரண்டு தவறும் ஒரே விலை அல்ல. பணப் பரிமாற்றம் என்றால் தவறான ஏற்பு பெரும் ஆபத்து. கூட்டக் குறிப்பில் பெயர் போடுவது என்றால் யாரும் திருத்திக்கொள்ளலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். 20 பேர், ஆளுக்கு 6 பதிவு, மொத்தம் 120. ஒரே நபரின் இரு பதிவுகளை இணைத்தால் ஆளுக்கு 15 ஜோடி, மொத்தம் 300. வெவ்வேறு நபர்களின் ஜோடிகள் 6,840. இந்த 7,140 ஜோடிகளுக்கும் ஸ்கோர் கணக்கிட்டு, இரண்டு கூட்டங்களையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். இரண்டு குன்றுகள் தெரியும். அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலக்கும் பகுதியில்தான் எல்லை எங்கோ இருக்கிறது. தவறான ஏற்பு ஆயிரத்தில் ஒன்றாக இருக்கட்டும் என்று முடிவு செய்தால், 6,840 ஜோடிகளில் ஏறத்தாழ 7 மட்டும் மேலே நிற்கும் புள்ளியைப் பிடியுங்கள். அப்போது 300-இல் எத்தனை கீழே விழுகின்றன என்று எண்ணுங்கள். அதுதான் நீங்கள் கொடுக்கும் விலை.

ஏழு தவறை வைத்துக்கொண்டு ஆயிரத்தில் ஒன்று என்று அடித்துச் சொல்லவும் முடியாது. இத்துறையில் ஜார்ஜ் டாடிங்டன் சொன்ன முப்பது விதி ஒன்று இருக்கிறது: அளந்த பிழை விகிதம் உண்மையானதிலிருந்து 30 விழுக்காட்டுக்கு மேல் விலகாது என்று 90 விழுக்காடு உறுதியோடு சொல்ல, சோதனையில் குறைந்தது 30 பிழைகளாவது நடந்திருக்க வேண்டும். ஒரு விழுக்காட்டுப் பிழை என்று சொல்ல 3,000 தனித்தனிச் சோதனைகள். அதே 20 பேரைத் திருப்பித் திருப்பி இணைப்பது தனித்தனிச் சோதனைகள் ஆகாது. பிழையே நடக்காத சின்ன சோதனையைக் காட்டி "நூறு விழுக்காடு துல்லியம்" என்று யாராவது சொன்னால், எத்தனை பேரை வைத்துச் சோதித்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

இனி திறந்த பட்டியல். ஒரு ஒப்பீட்டில் தவறான ஏற்பு ஆயிரத்தில் ஒன்று. பட்டியலில் 500 பேர். வெளியாள் ஒருவர் பேசுகிறார், அவர் குரல் 500 பேரோடும் ஒப்பிடப்படுகிறது. ஒப்பீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால், குறைந்தது ஒருவரோடாவது அவர் தவறாகப் பொருந்திவிட வாய்ப்பு சுமார் 39 விழுக்காடு. சரிபார்ப்பில் ஆயிரத்தில் ஒன்றாக இருந்த அதே மாடல், அதே எல்லை. பட்டியல் வளர வளர எல்லையையும் ஏற்ற வேண்டியது இதனால்தான்.

இரண்டு தடுப்புகள் உதவும். ஒன்று, முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் உள்ள இடைவெளி. ஒருவர் 0.71, அடுத்தவர் 0.38 என்றால் நம்பலாம். ஒருவர் 0.52, அடுத்தவர் 0.49 என்றால், இரண்டுமே எல்லைக்கு மேல் இருந்தாலும், "உறுதியில்லை" என்று சொல்ல வையுங்கள். இன்னொன்று, ஸ்கோரைச் சமன் செய்வது. சிலருடைய எம்பெடிங் யாரோடு வைத்தாலும் கொஞ்சம் நெருங்கியே நிற்கும். பட்டியலுக்குச் சம்பந்தமே இல்லாத சில நூறு குரல்களைத் தனியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நபரும் அவற்றோடு சராசரியாக எவ்வளவு ஸ்கோர் வாங்குகிறார் என்று பார்த்து, அதைக் கழித்து, அந்த ஸ்கோர்களின் பரவலால் (திட்ட விலக்கத்தால்) வகுத்தால் எல்லாரும் ஒரே தளத்துக்கு வந்துவிடுவார்கள். வெளியாளைத் தள்ளுவதில் இது நன்றாகவே கைகொடுக்கும்.

"ஆம்", "இல்லை", "உறுதியில்லை" என்று மூன்று பதில்கள் இருக்கட்டும். மூன்றாவது வந்தால் இன்னும் கொஞ்சம் பேசச் சொல்லுங்கள், அல்லது மனிதரிடம் அனுப்புங்கள்.

படி 7: பலர் பேசும் பதிவு என்றால்

முதலில் டயரைசேஷன், அப்புறம் அடையாளம். பயனோட் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. பதிவைப் பேச்சாளர் வாரியாகப் பிரித்ததும், ஒவ்வொருவரின் துண்டுகளையும் சேர்த்து எம்பெடிங் எடுத்துப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இருவர் ஒரே நேரத்தில் பேசும் துண்டுகளைச் சேர்க்காதீர்கள். கலந்த குரலின் எம்பெடிங் இருவரில் யாருக்கும் பொருந்தாது, சில நேரம் மூன்றாவது ஆளுக்குப் பொருந்தித் தொலைக்கும். எத்தனை பேர் பேசினார்கள் என்று தெரிந்தால் அந்த எண்ணிக்கையை முன்பே கொடுத்துவிடுங்கள், முடிவு கண்ணெதிரே மேம்படும்.

படி 8: போலிக் குரல்

பதிவு செய்த குரலைப் போனில் ஓட்டிக் காட்டினால் அமைப்பு மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும், அது அவர் குரல்தானே. செயற்கையாக நகலெடுத்த குரலும் அப்படியே. சில நொடி மாதிரியிலேயே நகலெடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. எம்பெடிங் மாடலுக்கு இதைப் பிடிக்கும் வேலை கொடுக்கப்படவில்லை. அதற்குத் தனி மாடல் வேண்டும். 2015 முதல் நடந்துவரும் ஏஎஸ்வி-ஸ்பூஃப் போட்டிகள் இதற்கெனவே உள்ளன. அந்தந்த நேரத்தில் தோன்றும் எண்களைப் படிக்கச் சொல்வது பழைய பதிவை ஓட்டுவதைத் தடுக்கும், உடனுக்குடன் நகலெடுப்பதைத் தடுக்காது. பணமோ சொத்தோ சம்பந்தப்பட்ட இடத்தில் குரலை மட்டும் சாவியாக வைக்காதீர்கள்.

படி 9: சேமிப்பும் பராமரிப்பும்

குரலின் எம்பெடிங் உடல்சார் அடையாளத் தகவல். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், குரலை மாற்ற முடியாது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளை அடையாளம் காணப் பயன்படும் இத்தகைய தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாக வைத்திருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2008இலேயே குரல்ரேகையைத் தன் சட்டத்தில் சேர்த்துவிட்டது. எங்கே பயன்படுத்தினாலும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், எதற்கு, எவ்வளவு காலம் என்று சொல்லுங்கள். கேட்டால் அழிக்கும் வழியும் இருக்கட்டும்.

எம்பெடிங்குகளை மறையாக்கம் செய்து, பெயர்களிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். கூடவே எந்த மாடலின் எந்தப் பதிப்பில் எடுத்தது என்பதையும் எழுதி வையுங்கள். மாடலை மாற்றினால் பழைய எம்பெடிங் எதுவும் செல்லாது. 192 எண்கள் இரண்டிலும் இருந்தாலும் அவை வேறு வேறு வெளிகளைச் சேர்ந்தவை, ஒப்பிட்டால் வருவது அர்த்தமில்லாத எண். மூலப் பதிவுகளை வைத்துக்கொள்ளச் சம்மதம் இருந்தால் அவற்றிலிருந்து மறுபடி எடுக்கலாம். இல்லையென்றால் எல்லாரையும் மீண்டும் பேச வைக்க வேண்டும். இரண்டிலும் எல்லை மதிப்பைப் புதிதாகக் கண்டுபிடித்தே ஆக வேண்டும், ஆகவே படி 6-க்காகச் சேர்த்த சோதனைப் பதிவுகளைச் சம்மதம் உள்ளவரை தனியே பத்திரப்படுத்தி வையுங்கள்.